பூசாத சுவர் முடியாத சுவர் அல்ல

மதிப்பிற்குரிய வீட்டுக் கடன் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். காட்பாடி தாண்டி கிறிஸ்டியான்பேட்டை போகும் வழியில் பாதியில் நிற்கிற வீட்டின் சொந்தக்காரி எழுதுகிறேன். கோப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது, கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. கடனின் நான்காம் தவணை கேட்ட என் விண்ணப்பத்தைப் போன வாரம் மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பினீர்கள். காரணம் அதே ஒற்றை வரி: ‘வெளிப்பூச்சு முடியவில்லை.’

முடியவில்லை என்பதல்ல விஷயம். இந்த வீட்டுக்கு வெளிப்பூச்சே கிடையாது. வெளிச்சுவர் செங்கலாகவே தெரியும், கல்லுக்குக் கல் இடுக்கில் கலவை அடைத்துத் தேய்க்கிற பாயிண்டிங் மட்டும் என்று எஸ்டிமேட்டில் எழுதிக் கொடுத்தோம். அதில் பக்கத்துக்குப் பக்கம் உங்கள் முத்திரை இருக்கிறது. உள்பூச்சு முடிந்தது, வெளியே பாயிண்டிங்கும் முடிந்து, தண்ணீர் காட்டி ஆற விட்டும் ஆயிற்று. நான்காம் தவணையை விடுவியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பூசாமல் விட்டது சோம்பேறி வேலை என்று நினைத்துவிட்டீர்களோ என்னவோ. பூசுகிற சுவரில் கொத்தனாரின் கோணலைக் கலவை மறைத்துவிடும். இங்கே எதையும் மறைக்க முடியாது. என் அப்பா லத்தேரிப் பக்கத்துச் சூளைகளில் முப்பது வருஷம் செங்கல் அறுத்தவர். லோடு இறங்கிய அன்றிலிருந்து இரண்டிரண்டு கல்லாக எடுத்து ஒன்றோடொன்று தட்டிக்கொண்டிருந்தார். கணீரென்று கேட்டால் ஒரு பக்கம், மந்தமாகக் கேட்டால் மறுபக்கம். அப்புறம் நகத்தால் ஒரு கீறல், கோடு விழுந்தால் வேகாத கல். அதெல்லாம் சூளைக்கே திரும்பிப் போனது. மூலை உடைந்தவை பூசப்போகிற உள்சுவருக்குப் போயின. சில கற்களை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, மறுபடி எடை போட்டோம். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கலாம் என்கிறது செங்கல்லுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1077. எங்கள் கல் 14 சதவீதம்தான் குடித்தது.

காசை மிச்சம் பிடிக்கவும் இதைச் செய்யவில்லை. கொத்தனார் ஒரு நாளில் வைக்கிற கல் பாதியாகக் குறைந்தது, கூலி ஏறியது. பூச்சிலும் பெயிண்டிலும் மிஞ்சியது அங்கே சரியாகப் போயிற்று. சில வருஷத்துக்கு ஒருமுறை சாரம் கட்டி வெளியே பெயிண்ட் அடிக்கிற செலவு இல்லை, அவ்வளவுதான். அதோடு, வாழ்நாளெல்லாம் அப்பா அறுத்துப்போட்ட கல் ஊரில் எந்த வீட்டிலும் கண்ணுக்குத் தெரியவில்லை, எங்கள் வீட்டிலாவது தெரியட்டுமே என்று ஓர் ஆசை. அதை எழுத உங்கள் படிவத்தில் இடமில்லை என்பது தெரியும்.

ஜன்னலும் வாசற்கதவும் நான்காம் தவணைப் பணத்தில் வர வேண்டியவை. பணம் வராததால் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். ஒயர் சுருள்கள் திருட்டுப் போய்விடக் கூடாதென்று அப்பாதான் கயிற்றுக் கட்டில் போட்டுக் காவல் படுக்கிறார். அவருக்கு வயது 71. ஐப்பசியில் ஒரு ராத்திரி அடித்த மழைக்காற்றில் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு போனது. விடிகிற வரை அவர் கட்டிலை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இழுத்துக்கொண்டிருந்தாராம். காலையில் நான் போனபோது தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று நாள் கழித்து உங்கள் மதிப்பீட்டாளர் வந்தார். ஜன்னல் இடைவெளிக்குக் கீழே உள்பூச்சில் ஈரத் திட்டு இருந்தது. ‘செங்கல் சுவர் ஓதம் இழுக்கிறது’ என்று எழுதிக்கொண்டார். “சார், தண்ணி சுவத்துல வரல, ஜன்னல் வழியா வந்துச்சு” என்று அப்பா சொல்லியிருக்கிறார். “ஜன்னலே இல்லையே பெரியவரே” என்றாராம் அவர். இல்லைதான் சார். அதற்குத்தானே பணம் கேட்கிறோம்.

இந்த மழையைத் தாங்கிய சுவரில் குறை, ஜன்னலுக்குப் பணம் தராத கோப்பில் குறையில்லை! இதற்கிடையில் வாங்கிய மூன்று தவணைக்கும் மாதாமாதம் வட்டி, குடியிருக்கிற வீட்டுக்கு வாடகை. இரண்டும் ஒரு நாள்கூடத் தாமதிப்பதில்லை.

உங்கள் கவுன்டரில் ஒருவர் நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னார். வெளியே பூசிவிடுங்கள், பணம் வந்ததும் அதன் மேல் செங்கல் மாதிரியே டைல்ஸ் ஒட்டிக்கொள்ளலாம் என்றார். செங்கல்லைப் பூசி மறைத்து, அதன் மேல் செங்கல் படத்தை ஒட்டினால் வீடு முடிந்ததாகக் கணக்கு. சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தின் செங்கல்லை வெளியே யாரும் பூசவில்லை. 1892லிருந்து நிற்கிறது. எழும்பூர் ரயில் நிலையமும் 1908லிருந்து அப்படித்தான். உங்கள் படிவப்படி இரண்டும் இன்னும் நான்காம் கட்டத்தைத் தாண்டவில்லை. கேரளத்தில் பல வருஷம் பூசாத செங்கல் வீடாகக் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கருக்கு 1990ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நல்லவேளை, அவர் உங்களிடம் கடனுக்கு வரவில்லை. வெயிலூர் என்று நாமே கேலி பேசுகிற வேலூரில், மேற்கு வெயிலுக்கு நேராகக் கண்ணாடி முகப்பு வைத்து, உள்ளே நாளெல்லாம் ஏ.சி. ஓட்டுகிற கட்டடங்கள் வரிசையாக எழும்புகின்றன. அவற்றின் சுவரை யாராவது இப்படித் தட்டிப் பார்த்தார்களா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். நான் கேட்பது சின்ன விஷயம். படிவத்தில் ‘வெளிப்பூச்சு’ என்ற இடத்தில் ‘பொருந்தாது’ என்று எழுதி, நான்காம் தவணையை விடுவியுங்கள். மனம் ஒப்பவில்லையென்றால் செங்கல் வேலை தெரிந்த பொறியாளர் ஒருவரை அனுப்பி, சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நேரத்தில் வந்தாலும் அப்பா இருப்பார். வாசலில் நின்று கதவைத் தட்டக் காத்திருக்க வேண்டாம், கதவு இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
தவறாமல் வட்டி கட்டிவரும் உங்கள் வாடிக்கையாளர்,
காட்பாடி