மேட்சைக் குறை, வீட்டைக் கூட்டு

சாலிகிராமம், சென்னை

அன்புள்ள நித்யா,

உன் ஃபுட்பால் தொடரின் முதல் எபிசோடு டிராஃப்டைப் படித்துவிட்டேன். வியாசர்பாடிப் பையன்களின் பேச்சு நன்றாக வந்திருக்கிறது. ஆனால் 48 பக்கத்தில் 19 பக்கம் மேட்சுக்கே போய்விட்டதும்மா. நீங்கள் எல்லாரும் மாதிரியாக வைத்திருக்கிற ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ இத்தனை வருஷம் கழித்தும் ஏன் பார்க்கப்படுகிறது என்று யோசித்தால், எங்கே வெட்டணும் என்பது தெரிந்துவிடும்.

டெக்சாஸில் டில்லன் என்கிற கற்பனை ஊரின் பள்ளிக்கூட அமெரிக்க ஃபுட்பால் டீமைப் பற்றி, 2006 அக்டோபரில் என்பிசி என்கிற அமெரிக்க டிவி சேனலில் தொடங்கி 2011 பிப்ரவரியில் முடிந்த தொடர் அது. 5 சீசன், 76 எபிசோடு. பாராட்டு குவிந்தது, பார்த்தவர்கள் குறைவு. மூன்றாம் சீசனிலிருந்து டைரக்ட்டிவி என்கிற சாட்டிலைட் டிவி கம்பெனி செலவில் பங்கெடுத்து, முதலில் தன் சந்தாதாரர்களுக்குக் காட்டியதால்தான் பிழைத்தது. முதல் சீசனில் 22 எபிசோடு இருந்தது, மூன்றாவதிலிருந்து சீசனுக்கு 13 என்றானது. என்னைக் கேட்டால் அது நல்லதாகத்தான் முடிந்தது. கதையில் சதை குறைந்து எலும்பு தெரிந்தது.

அதன் பெரிய பலம், களம் ஒரு பள்ளிக்கூடம் என்பது. ப்ளஸ் டூ முடித்தவன் டீமை விட்டுப் போயே ஆகணும். டெக்சாஸிலும் அப்படித்தான், வியாசர்பாடியிலும் அப்படித்தான். ஜனங்களுக்குப் பிடித்த பையனை ஊரைவிட்டு அனுப்ப அந்த எழுத்தாளர்கள் பயப்படவில்லை. கோச் டெய்லரும் மனைவி டாமியும் நிலையாக இருந்தார்கள், பையன்கள் வந்து போனார்கள். நான்காம் சீசனில் கோச்சையே வசதியில்லாத ஈஸ்ட் டில்லன் பள்ளிக்குத் தள்ளி, முதல் மேட்சை ஹாஃப் டைமிலேயே விட்டுக்கொடுக்க வைத்தார்கள். அடிபட்ட பையன்களை மறுபடி இறக்க அவருக்கு மனசு வரவில்லை. ஜெயித்த மேட்சுகளை விட இதுதான் நெஞ்சில் நிற்கிறது.

சறுக்கியது இரண்டாம் சீசனில். டீமில் இருக்கிற லேண்ட்ரி என்ற பையன் ஒருவனை அடித்துக் கொன்று, உடலை ஆற்றில் போடுகிறான். கொலை ஒன்று உள்ளே வந்துவிட்டால் போலீஸ், பொய், பயம் என்று அது தன் கதையைக் கேட்கும். அடுத்த வெள்ளிக்கிழமை மேட்சைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? போதாக்குறைக்கு ஹாலிவுட் எழுத்தாளர்கள் ஸ்டிரைக் வந்து சீசன் 15 எபிசோடில் நின்றது. சான்டியாகோ என்ற பையன் என்ன ஆனான் என்றே பிறகு சொல்லவில்லை. உன் ஐந்தாம் எபிசோடில் வருகிற கஞ்சா கடத்தலைத் தயவுசெய்து எடுத்துவிடு.

அடுத்து கேமரா. உங்கள் டைரக்டர் அதே மாதிரி கையில் பிடித்து எடுக்கப்போகிறார் என்றாயே, ஒன்றை அவரிடம் சொல். அங்கே ஒரே நேரத்தில் 3 கேமரா ஓடியது. நடிகர்கள் எங்கே நிற்கணும் என்று தரையில் குறி கிடையாது, ரிகர்சல் கிடையாது, வசனத்தை மாற்றிப் பேசலாம். ஒருத்தர் பேச்சில் இன்னொருத்தர் குறுக்கிட்டாலும் இரண்டு முகமும் அதே டேக்கில் பதிவாகிவிடும், எடிட்டில் ஒட்டும். ஒற்றைக் கேமராவை வைத்துக்கொண்டு நடிகரை இஷ்டத்துக்குப் பேசவிட்டால் இந்தப் பக்க வசனமும் அந்தப் பக்க ரியாக்‌ஷனும் சேராது. மிஞ்சுவது கேமரா குலுங்கல் மட்டும்தான். 2 கேமராவாவது வேண்டும்.

மேட்சுக்கு வருகிறேன். அமெரிக்க ஃபுட்பாலில் ஒவ்வொரு முயற்சியும் சில நொடிதான், உடனே விசில். 10 கஜம் முன்னேற 4 வாய்ப்பு. ‘கடைசி வாய்ப்பு, இன்னும் 3 கஜம்’ என்று மைக்கில் சொன்னால் ஆட்டம் தெரியாதவருக்கும் படபடக்கும். அந்த விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவில் கோச் முகத்தையும் கேலரியில் இருக்கிற வீட்டார் முகத்தையும் வைத்துவிடுவார்கள். நம் ஃபுட்பாலில் பந்து நிற்காது. அதனால் கார்னர், ஃப்ரீ கிக், அடிபட்டவனுக்கு ஐஸ் வைக்கிற நேரம், ஆள் மாற்றம், ஹாஃப் டைம், இவற்றில்தான் உன் வசனம் உட்காரணும். ஓடுகிறவன் வாயில் நீளமான வசனம் வைக்காதே, அவனுக்கு மூச்சு வாங்கும். ஸ்கோர் 4-3 வேண்டாம், 1-0 போதும். ஒவ்வொரு கோலுக்கும் எதிர்பார்ப்பைத் தனியாகக் கட்டி எழுப்பணும், ஏழு கோலுக்கு அதைச் செய்ய முடியாது.

நடிகன் உதைப்பதும் பந்து வலையில் விழுவதும் ஒரே ஷாட் என்று எழுதியிருக்கிறாய். டேக் மேல் டேக் போய் அரை நாள் காலியாகும். முழங்காலுக்குக் கீழே நிஜ ஆட்டக்காரன் கால், முகத்துக்கு நடிகன், வலை தனி ஷாட். மேட்சை முதலிலிருந்து வரிசையாக எடுத்தால் ஜெர்சி மண்ணும் முழங்கால் சிராய்ப்பும் தானாகப் பொருந்தும். நம்ம ஊர் நடுப்பகல் வெயிலில் கண் குழி கறுத்துப்போகும். நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளச் சொல்.

‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ கடைசி எபிசோடை இன்னொரு தரம் பார். ஃபைனலில் ஈஸ்ட் டில்லன் பையன் வின்ஸ் எறிந்த பந்து காற்றில் இருக்கும்போதே கதை சில மாதம் தாண்டிவிடும். ஜெயித்தார்களா என்பதை அவன் விரலில் இருக்கிற சாம்பியன் மோதிரம்தான் சொல்கிறது. அந்த எபிசோடின் நிஜ மேட்ச் டெய்லர் வீட்டில் நடக்கிறது: பல வருஷம் கணவன் வேலைக்காக விட்டுக்கொடுத்த டாமிக்கு ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கல்லூரிப் பொறுப்பு கிடைக்கிறது, இந்த முறை கோச்தான் மனைவி கூடப் போகணும். அவ்வளவு நேரம் கோச்சால் அதற்கு வாய் திறந்து சரி சொல்ல முடியவில்லை.

உன் கோச் மனைவிக்கு இப்போதைக்கு டீ போட்டுக்கொடுக்கிற வேலைதான் இருக்கிறது. மேட்சை 6 பக்கமாக்கு. மிச்சம் 13 பக்கத்தையும் அவளுக்குக் கொடு. அவளுக்கென்று ஒரு உத்தியோகம், கோச்சோடு ஒத்துப்போகாத ஒரு முடிவு. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் அன்றே படித்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா