அம்மா புடவைய வெட்டச் சொல்லி என் தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்பு குட்டிம்மா,

நேத்து போன்ல நீ பேசினது ராத்திரி பூரா மனசுல ஓடிட்டே இருந்துச்சு. கொலு வைக்க ஆசையா இருக்குக்கா, ஆனா பேக்டிராப், தோரணம், படித்துணி, தொங்கவிடற அலங்காரம்னு ஆன்லைன்ல பாத்தா எல்லாம் சேத்து நாலாயிரத்துக்கு மேல போகுது, வாடகை வீடு வேற, ஓனர் ஆணி அடிக்கவே கூடாதுன்னுட்டாரு, இந்த வருஷமும் விட்டுடறேன்னு சொன்ன. போன வருஷம் அம்மாவுக்கு வருஷம் திரும்பலன்னு வைக்கல, அது வேற. இந்த வருஷம் காசுக்காக நிக்கக்கூடாதுடி. அம்மா ஒரு நாளும் கொலுவுக்குத் துணி வாங்கினதில்ல, நீயே யோசிச்சுப் பாரு, பொம்மைதான் வருஷத்துக்கு ஒண்ணு புதுசா வாங்குவா, துணியெல்லாம் வீட்டுல கிடந்ததுதான். அத எப்படிப் பண்ணினான்னு எனக்கு நினைவு இருக்கற வரைக்கும் எழுதிடறேன், நீ பக்கத்துல வச்சுப் பாத்துப் பாத்துத் தைக்கலாம், உன்ன மாதிரியே தயங்கிட்டு இருக்கற வேற பொண்ணுங்களுக்கும் உதவட்டும்னுதான் பொதுவுல போடறேன்.

முதல்ல அந்தப் புடவை விஷயம். அம்மாவோட அரக்குக் கலர் திருபுவனம் பட்ட வெட்டித் தொம்பை, அதான் தேர்ல உருளையா தொங்கற துணி, தைக்கலாம்னு நான் சொன்னதும் நீ அழுதுட்ட. எனக்கும் கஷ்டமாதான் இருந்துச்சு. ஆனா போன வாரம் பீரோவுலேந்து எடுத்துப் பிரிச்சேன் பாரு, மடிப்பு விழுந்த இடமெல்லாம் நேர்க்கோடா கிழிஞ்சிருக்கு, ஒரே மடிப்புல வருஷக்கணக்கா இருந்தா பட்டு அப்படித்தான் போகும், மாசத்துக்கு ஒரு தடவ மாத்தி மடிக்கணும்னு அம்மாவே சொல்லுவா, அவ படுத்ததுக்கப்புறம் நாம யாரும் மடிக்கல. பக்கத்துல போட்டிருந்த ரசகற்பூரத்துல ஜரிகையும் கறுத்துடுச்சு. இனிமே அத யாராலயும் கட்ட முடியாது குட்டிம்மா. பார்டர் மட்டும் ரெண்டு பக்கமும் நல்லா இருக்கு, முந்தானையும் முக்காவாசி நல்லா இருக்கு. பீரோவுல பொடிஞ்சு போறதுக்கு வெட்டித் தச்சு வருஷா வருஷம் பத்து நாள் கண்ணு முன்னாடி தொங்கட்டும்னு எனக்குத் தோணுது.

தொம்பை ஞாபகம் இருக்கா, கும்பகோணத்துல மாசி மகத்துக்குத் தேர் வரும்போது நாலு பக்கமும் உருளை உருளையா துணி தொங்கும், ஒட்டுத்தையல் போட்டு, அப்பா தோள்ல உக்காந்து நீ கைய நீட்டித் தொடப் பாப்ப. அதையே சின்னதா பண்ணப் போறோம். வளையத்துக்குப் பழைய பிளாஸ்டிக் வளையல் போதும். 2.6 சைஸ் வளையல சுத்தி அளந்தா ஏறக்குறைய 8 இன்ச் வரும், தையலுக்கு ஒரு இன்ச் விட்டு 9 இன்ச் அகலம், ஒன்றரை அடி நீளம் வெட்டிக்க. பட்டு கிழிஞ்சது இல்லையா, அதனால உள்பக்கம் பழைய காட்டன் துணி வச்சுச் சேத்துத் தை, அப்பதான் கனம் தாங்கும். குழாய் மாதிரி மூட்டி, மேல ஒரு வளையல், நடுவுல ஒண்ணு, கீழ ஒண்ணு வச்சு ஓரத்த மடிச்சு தையல் போட்டுட்டா உருளை நிமிந்து நிக்கும். பார்டர் துண்ட ரெண்டு வரியா சுத்திலும் ஓட்டிடு. கீழ குஞ்சத்துக்கு, புடவைலேந்து உருவின பட்டு நூலையே விரல்ல சுத்திக் கட்டிடு. ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு, மொத்தம் நாலு போதும்.

அடுத்து ரவிக்கை பிட். உன்கிட்டயும் ஒரு பை நிறைய இருக்கும், நவராத்திரிக்குப் போற வீட்டுல எல்லாம் வெத்தல பாக்கோட வச்சுக் குடுக்கறது, நாமளும் அதையே இன்னொருத்தருக்கு வச்சுக் குடுக்கறது, யாருமே தைக்கறதில்ல. அதுல பச்சையா ஒரு 80 சென்டிமீட்டர் பிட் எடுத்து மாவிலைத் தோரணம் தை. இலை ஒண்ணுக்கு 3 இன்ச் அகலம், 7 இன்ச் நீளத்துல ரெண்டு துண்டு, டெய்லர் கடைல ரவிக்கை கழுத்துக்கு வைக்கற கேன்வாஸ் ஒரு துண்டு, நல்ல பக்கம் உள்ள இருக்கற மாதிரி வச்சு இலை வடிவத்துல தச்சு, காம்புப் பக்கத்த திறந்து விட்டு, ஓரத்துல ஒட்ட வெட்டித் திருப்பு. நுனி கூரா வரலன்னா ஊசி முனையால மெதுவா இழுத்து விடு, கத்திரியால குத்தாத, ஓட்டை விழுந்துடும். நடு நரம்புக்கு மஞ்ச நூல்ல ஓட்டுத் தையல். ஒரு பிட்டுலயே இருபதுக்கு மேல வந்துடும். எனக்குக் கேன்வாஸ், நூல்கண்டு, ஊசி பாக்கெட் எல்லாம் சேத்து 140 ரூபாதான் ஆச்சு.

படிக்கு அப்பாவோட 8 முழ வேட்டி. அகலம் 50 இன்ச் இருக்கும், உன் படிய 4 அடிக்குள்ள வச்சுக்க, ரெண்டு ஓரமும் சரியா மறையும். டிரங்கு பெட்டி, புக்ஸ், அட்டப்பெட்டின்னு எத அடுக்கினாலும் பரவால்ல, மூணு படியோ அஞ்சு படியோ ஒத்தப்படையா இருக்கணும், ஆடக்கூடாது, அவ்ளோதான். கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி, மேல்படிலேந்து கீழ இறக்கி, ஒவ்வொரு மடிப்புலயும் உள்பக்கமா சேஃப்டி பின் போடு.

அந்த வேட்டியில கீழ் மூலையில ஒரு தாமரை இருக்கும், கவனிச்சிருக்கியா? உனக்கு அப்ப மூணு வயசு. நான்தான் விளக்கேத்திட்டு திரி எண்ணெய சரி பண்ணப் போனேன், குத்துவிளக்கு படிக்கு ரொம்ப ஒட்டி இருந்துச்சு, வேட்டி ஓரம் பத்திக்கிச்சு. அம்மா சுண்டலுக்கு வடிச்சு வச்சிருந்த தண்ணிய அப்படியே ஊத்தி அணைச்சா. உள்ளங்கை அளவு ஓட்டை, சுத்திலும் பழுப்பு, வீடு பூரா கருகின பருத்தி வாசனை. நான் அழுதுட்டு நின்னேன், அம்மா ஒரு வார்த்த திட்டல, அன்னிக்கு ராத்திரியே ரோஸ் கலர் ரவிக்கை பிட்டுல எட்டு இதழ் வெட்டி, ஒவ்வொரு இதழோட ஓரத்தையும் நகத்தால மடிச்சு மடிச்சு, கண்ணுக்கே தெரியாத பொடித் தையலா சுத்தி ஓட்டினா. இப்பவும் கைய வச்சுத் தடவினா இதழ் மேடா தெரியும். அதனால சொல்றேன், விளக்க துணிலேந்து ரெண்டடி தள்ளி வை, பின்னாடி தொங்கற துணிக்கு நைலான், பாலியஸ்டர் வேண்டாம், தீ பட்டா உருகி ஒட்டிக்கும், காட்டன் புடவையே போதும். ஆணி அடிக்க வேண்டாம், ஜன்னல் கர்ட்டன் கம்பியிலயே போட்டு கிளிப் மாட்டிடு.

மரப்பாச்சிக்கு மட்டும் நீயே உக்காந்து தச்சாகணும், கல்யாணத்துல உனக்குக் குடுத்த ஜோடி அது, வருஷா வருஷம் புதுத் துணி கட்டணும். பசை எதுவும் போடாத, செஞ்சந்தன மரம் கறை பிடிச்சுக்கும், நூலால கட்டினா போதும். பார்டர்ல 4 இன்ச் அகலத்துக்கு நீளமா ஒரு துண்டு எடுத்து லேசா தண்ணி தெளிச்சு, விரல் நகம் அகலத்துல கொசுவம் மடிச்சு, ஒவ்வொரு மடிப்புக்கும் தலைக்குக் குத்தற ஸ்லைடு ஒண்ணு குத்தி, தலகாணிக்கு அடியில வச்சுப் படுத்துடு. காலைல எடுத்தா இஸ்திரி போட்ட மாதிரி படிஞ்சிருக்கும். அப்புறம் இடுப்புல கட்டி முந்தானைய தோள்ல போடு. ஜோடியில ஆண் பொம்மைக்கு வேட்டி ஓரம், மீதியிருக்கற பார்டர்ல அங்கவஸ்திரம்.

வேட்டிய பார்சல் பண்ணிட்டேன், தாமரை மேல வர்ற மாதிரி மடிச்சிருக்கேன். புடவையும் அதுலயே இருக்கு, பார்டர ஒரு பக்கம் மட்டும் எடுத்துக்கிட்டேன், அது என் வீட்டு மரப்பாச்சிக்கு. மத்தத வெட்டல. முந்தானையில வலது மூலையில மஞ்சளா ஒரு கறை இருக்கும், அது உன் காதுகுத்து அன்னிக்கு நீ சந்தனக் கையோட அம்மாவப் பிடிச்சது. அந்த இடத்த மட்டும் வெட்டாம சுத்தி விட்டுட்டு ஆரம்பி. அமாவாசைக்கு முன்னாடி கைல கிடைச்சுடும்.

உன் அக்கா