விரலைக் காட்டிச் சாப்பிட்ட காலம்

அட்லாண்டா,
ஞாயிறு மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. பேரன் ஆகஸ்டில் இங்கே படிக்க வருகிறான், சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான் என்று கேட்டாய். “இப்ப எல்லாம் கிடைக்குதுக்கா, முருங்கைக்கீரைகூடக் கிடைக்குது” என்றேன். “அப்ப நீ போனப்ப என்னடா சாப்பிட்டே?” என்றாய். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம். பேனா பிடித்து ரொம்ப நாளாயிற்று, எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

1989-ல் இங்கே ஜார்ஜியா டெக் என்கிற இன்ஜினியரிங் காலேஜில் சேர வந்தபோது எனக்கு வெந்நீர் வைக்க மட்டும்தான் தெரியும். முதல் இரண்டு மூன்று வாரம் பிரெட், பால், வாழைப்பழம் என்று ஓட்டினேன். வெளியே போய்ச் சாப்பிடப் பயம். காசுக்குப் பயந்தது பாதி, வாய்க்குப் பயந்தது பாதி. நான் படித்தது இன்ஜினியரிங் புத்தகத்து இங்கிலீஷ். இங்கே ஓட்டலில் உட்கார்ந்தால் எந்த பிரெட், சாலட்டுக்கு எந்த டிரெஸ்ஸிங், முட்டையை எப்படி வேண்டும் என்று அடுக்கடுக்காகக் கேட்பார்கள். ஒரு கேள்வி புரிவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். ஒருமுறை எல்லாவற்றுக்கும் ‘எஸ்’ சொல்லி வைத்தேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அப்புறம்தான் அந்தப் பெரியவரும் அவர் வீட்டம்மாவும் வந்தார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு உள்ளூர்க் குடும்பம் ஒன்றைப் பழக்கிவிடுகிற ஏற்பாடு ஒன்று உண்டு. எனக்கு வாய்த்தவர் ரிட்டயரான தபால்காரர், சொந்த ஊர் டெக்ஸஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு காரை எடுத்து வந்து, “ஏறிக்கொள், கஃபேட்டீரியாவுக்குப் போகிறோம்” என்றார்.

கஃபேட்டீரியா என்றதும் மாமா ஆபீஸ் கேன்டீன் மாதிரி நினைத்துக்கொள்ளாதே. இந்தத் தென் மாநிலங்களில் அது குடும்பத்தோடு போய்ச் சாப்பிடுகிற இடம். கம்பளம் விரித்த பெரிய கூடம், சுவரில் இயற்கைக் காட்சிப் படங்கள், பவுடர் வாசனை அடிக்கிற பாட்டிகள், கழுத்துப்பட்டையோடு திணறுகிற பேரப்பிள்ளைகள். நாங்கள் போனது மாரிசன்ஸ். 1920-ல் அலபாமாவில் மொபைல் என்கிற ஊரில் ஆரம்பித்த கடை. நான் வந்தபோது பெரிய ஷாப்பிங் மால்களில் கிளைகள் இருந்தன. சர்ச்சிலிருந்து வருகிற கூட்டம் மொத்தமும் அங்கேதான் வந்து நிற்கும். பெரியவர் பாப்டிஸ்ட் என்கிற கிறிஸ்தவப் பிரிவு. மெதடிஸ்ட் என்கிற இன்னொரு பிரிவுக்காரர்களைச் சர்ச்சிலிருந்து சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள், அவர்கள் முன்னால் வந்து நல்ல கோழித் துண்டையெல்லாம் எடுத்துவிடுகிறார்கள் என்று வாராவாரம் புலம்புவார்.

கல்யாணப் பந்தியில் நாம் உட்கார்ந்திருப்போம், வாளி நம்மைத் தேடி வரும். இங்கே சாப்பாடு ஒரே இடத்தில் இருக்கும், நாம் நகர வேண்டும். வாசலில் தட்டம் அடுக்கியிருக்கும். அப்போதுதான் கழுவி எடுத்த சூடும் ஈரமும் கையில் தெரியும். நாப்கினில் சுருட்டிய முள்கரண்டியும் கத்தியும் எடுத்துத் தட்டத்தில் போட்டுக்கொண்டு, இடுப்புயரத்தில் ஓடுகிற ஸ்டீல் குழாய்கள்மேல் தட்டத்தைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாகச் சாப்பாடு, அதன் பின்னால் தலையில் வலை கட்டிய பெண்கள், கையில் கரண்டி. எது வேண்டுமோ அதற்கு நேராக விரலை நீட்டினால் போதும், பேர் தெரிய வேண்டியதில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உனக்கு எப்படிச் சொல்வது! மூன்று வாரமாக இந்த நாட்டில் ஊமையாக இருந்தவன், அன்றைக்கு ஆட்காட்டி விரலாலேயே முழுச் சாப்பாடு வாங்கினேன்.

முதலில் வருவது சாலட். டின்னில் அடைத்த பேரிக்காயைப் பாதியாக வெட்டி வைத்து, நடுவில் வெள்ளையாக ஒரு உருண்டை, அதன்மேல் துருவிய சீஸ், உச்சியில் சிவப்பாக ஒரு செர்ரி. ஐஸ்கிரீம் என்று ஆசையாக எடுத்துவிட்டேன். அந்த வெள்ளை உருண்டை மயோனைஸ், அக்கா! முட்டையும் எண்ணெயும் அடித்த குழம்பு. பழத்தின்மேல் அதை வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் பச்சை ஜெல்லிக்குள் துருவிய கேரட்டும் முட்டைகோஸும் மிதந்துகொண்டிருந்தன. அதைத் தொடவில்லை.

அடுத்தது கறி வகை. அப்புறம் காய்கறி. ஒரு கறிக்கு மூன்று காய் என்பது இங்கே ஒரு கணக்கு, ‘மீட் அண்ட் த்ரீ’ என்பார்கள். காய்கறிப் பட்டியலில் என்னென்ன வரும் என்று நீ கேட்டால் சிரிப்பாய். சீஸில் ஊறிய மக்ரோனி இவர்களுக்குக் காய்கறி. பிக்காடிலி என்று இன்னொரு கஃபேட்டீரியா உண்டு. அங்கே கேரட் சூஃப்லே ரொம்பப் பேர்போனது. வேகவைத்து மசித்த கேரட்டில் சர்க்கரை, வெண்ணெய், முட்டை சேர்த்து அடுப்பில் வாட்டி எடுப்பது. முட்டை போட்ட கேரட் அல்வா என்று வைத்துக்கொள். அதுவும் காய்கறிதான்.

ஆனால் அந்த வரிசையில்தான் எனக்குத் தெரிந்த முகங்களையும் பார்த்தேன். முதலில் வெண்டைக்காய். மக்காச்சோள மாவில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்தது. அதற்குப் பக்கத்தில் தட்டைப்பயறு! சின்னதாக, கண்ணில் மை வைத்த மாதிரி கறுப்புப் புள்ளியோடு. கத்தரிக்காய் போட்டு நீ வைக்கிற குழம்பு இல்லைதான், வெறும் உப்பில் வெந்தது. ஆனாலும் நான் விரலை நீட்டியபடி நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் கூட்டம் தேங்கியது. கரண்டி பிடித்த அந்தக் கறுப்பினத்து அம்மா என் முகத்தைப் பார்த்து, “ஹனி, பசியா இருக்கியா?” என்று கேட்டு, ஒரு கரண்டிக்கு இரண்டாகப் போட்டார். நம் பக்கத்தில் ‘கண்ணு’ என்று கூப்பிடுவோமே, அதே குரல்தான்.

பின்னாளில் தெரிந்துகொண்டேன், வெண்டைக்காயும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு கப்பலேறி இந்த மண்ணுக்கு வந்தவையாம். நம் தட்டைப்பயறுக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்காதான், பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நம்மிடம் வந்துவிட்டது. இங்கே ஜனவரி முதல் தேதி தட்டைப்பயறும் கீரையும் சாப்பிட்டால் அந்த வருஷம் கையில் காசு தங்கும் என்று நம்புகிறார்கள். நானும் விடாமல் சாப்பிடுகிறேன். தங்கியதா என்று கேட்காதே.

கீரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். டர்னிப் கீரையை மணிக்கணக்கில் வேகவிட்டு, அந்தத் தண்ணீரையும் வீணாக்காமல் கார்ன்பிரெட்டைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். கார்ன்பிரெட் வேறு ஒன்றுமில்லை, உடுமலைப் பக்கம் காடெல்லாம் போட்டு நீங்கள் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிற மக்காச்சோளத்தின் மாவில் சுட்ட ரொட்டி. சரி, கீரைக்கு வருகிறேன். ஒரு இடத்தில், கூட வந்த சைவ நண்பன் “இதில் கறி எதுவும் இல்லையே?” என்று இரண்டு தடவை கேட்டான். “இல்லவே இல்லை தம்பி, ருசிக்கு ஒரு துண்டு பன்றிக் கால் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்” என்று பதில் வந்தது. பொய்யில்லை, ஒளிவுமறைவும் இல்லை. அவர்கள் கணக்கில் அது கறியே இல்லை.

கடைசியில் ‘பை’ என்கிற, உள்ளே இனிப்பு வைத்துச் சுட்ட பலகாரம், பாயசம் மாதிரி இனிப்புகள், அப்புறம் ஐஸ் போட்ட டீ. கொதிக்கிற டீயில் சர்க்கரையைக் கொட்டிக் கரைத்து, ஆறவைத்து, ஐஸ் போடுவார்கள். நம் கல்யாண வீட்டு டீயைவிட இனிப்பு. பில் ஐந்து டாலருக்குள்தான் வந்தது. அன்றைக்கு டாலர் 16, 17 ரூபாய். மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு எச்சில் விழுங்கினேன்.

பில் போட்டதும் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து என் தட்டத்தைப் பிடித்தார். நான் விடவில்லை. அவரும் விடவில்லை. டீ ததும்பியது. மாரிசன்ஸில் பரிமாறுபவரே தட்டத்தை மேஜை வரைக்கும் தூக்கிக்கொண்டு வருவது வழக்கம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பெரியவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தட்டம் தூக்க வந்தவருக்கு ஒரு டாலர் இனாம் கொடுத்தார்.

இப்போது உன்னிடம் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அம்மா இருந்தவரை வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு நான் வாங்கிய கறிக்குப் பேர் ‘சிக்கன் ஃபிரைடு ஸ்டேக்’. மாவில் புரட்டிப் பொரித்து, மேலே வெள்ளைக் குழம்பு ஊற்றியது. பேரிலேயே சிக்கன் இருக்கிறது, கோழிதான் என்று இரண்டு மூன்று மாதம் ஞாயிறு தவறாமல் சாப்பிட்டேன். டிசம்பரில் ஒருநாள், “எங்கள் டெக்ஸஸ் மாட்டுக்கறி இதைவிட மெத்தென்று இருக்கும்” என்று பெரியவர் பேச்சுவாக்கில் சொன்னார். கோழி பொரிக்கிற மாதிரி பொரிப்பதால் அந்தப் பேராம், உள்ளே இருப்பது மாடு. வாயில் போட்டதை மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அந்த வீட்டம்மா எதிரே உட்கார்ந்திருந்தார், எப்படித் துப்புவது? முழுங்கிவிட்டேன். மாமாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

நல்லதை மட்டும் எழுதினால் நியாயமாகாது. காலேஜுக்குப் பக்கத்தில் ஹெம்ப்ஹில் அவென்யூவில் ஒரு பழைய கட்டடம் இருந்தது. அதன் வழியாகத்தான் நடந்து போவேன். முன்காலத்தில் அது பிக்ரிக் என்கிற கஃபேட்டீரியா, பொரித்த கோழிக்குப் பேர்போனது. ஓட்டல்களில் கறுப்பினத்தவரை விலக்கக்கூடாது என்ற சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் 1964 ஜூலை 2-ந் தேதி கையெழுத்துப் போட்டார். மறுநாளே மூன்று கறுப்பின இறையியல் மாணவர்கள் அங்கே சாப்பிடப் போனார்கள். முதலாளி லெஸ்டர் மேடக்ஸ் துப்பாக்கியோடு வந்து விரட்டினார். கூட இருந்தவர்கள் கையில் கோடாலிக் காம்பு மாதிரி கட்டைகள். அந்தக் கட்டைக்கு ‘பிக்ரிக் கோழிக்கால்’ என்று பேர்கூட வைத்தார்கள். கோர்ட்டில் தோற்றதும், அவர்களுக்குப் பரிமாறுவதைவிட மூடுவதே மேல் என்று கடையை மூடிவிட்டார். அதே ஆள் 1967-ல் இந்த மாநிலத்துக்கு கவர்னராகவும் வந்தார். அந்த இடத்தைக் காலேஜ் வாங்கி, 2009-ல் கட்டடத்தை இடித்துவிட்டது.

இதை ஒருநாள் பெரியவர் வீட்டில் கேட்டேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “நாங்களும் அங்கே சாப்பிட்டிருக்கிறோம், கோழி நன்றாகத்தான் இருந்தது” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நம் ஊர் டீக்கடையில் கூரை இறவாணத்தில் தனியாகச் சொருகி வைத்திருந்த டம்ளர்கள் ஞாபகம் வந்தன. நானும் அங்கேதான் தினமும் பன் வாங்கித் தின்றேன்.

அந்த வரிசைகளில் சமைத்ததும் கரண்டி பிடித்ததும் பெரும்பாலும் கறுப்பினத்துப் பெண்கள்தான். அவர்கள் கைச் சமையலை அவர்களே உட்கார்ந்து சாப்பிட முடியாத காலம் ஒன்று, நான் வருவதற்கு வெறும் 25 வருஷம் முன்னால்வரை இருந்திருக்கிறது.

மாரிசன்ஸை 1998-ல் பிக்காடிலி வாங்கிக்கொண்டது. ஐந்தே வருஷத்தில், 2003-ல், பிக்காடிலியே மஞ்சள் கடிதாசு கொடுத்தது. பிறகு வேறு கை மாறி இன்னும் சில ஊர்களில் நடக்கிறது. பெரியவரின் சொந்த ஊர்ப் பக்கத்தில், சான் அன்டோனியோவில் 1947-ல் தொடங்கிய லூபிஸ் என்கிற கஃபேட்டீரியா இருக்கிறது. அதையும் விற்றுத் தீர்த்துவிடுவதென்று கொரோனா வருஷத்தில் முடிவெடுத்தார்கள், புது முதலாளி ஒருவர் வந்ததால் கொஞ்சம் பிழைத்தது. மால்களுக்குக் கூட்டம் வருவது குறைந்தது, காரைவிட்டு இறங்காமல் பர்கர் வாங்குகிற காலம் வந்தது, வாடிக்கையாகப் போன கிழவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பஃபே ஓட்டல்களும் ஒரு காரணம் என்பேன். எனக்குப் பஃபேயே பிடிக்காது. நாமே அள்ளிக்கொள்வதில் என்ன இருக்கிறது? எதிரே ஒருவர் நின்று நம் முகத்தைப் பார்த்து இன்னும் அரைக் கரண்டி போட வேண்டாமா?

அந்தப் பெரியவர் 2006-ல் போய்விட்டார். அடுத்த வருஷம் அந்த அம்மாவும். அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் சாப்பாடு போட்டார்கள். அங்கேயும் அந்தப் பச்சை ஜெல்லி இருந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவை எடுத்துச் சாப்பிட்டேன். நன்றாக இல்லை.

இங்கே டக்கர் என்கிற பகுதியில் மேத்யூஸ் என்று ஒரு கஃபேட்டீரியா 1955-லிருந்து நடக்கிறது. போன மாதம்கூடப் போய்வந்தேன். அதே குழாய், அதே ஈரத் தட்டம். பேரன் வந்து இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை அவனை அங்கே கூட்டிப்போகிறேன். அவனுக்கு இங்கிலீஷ் என்னைவிட நன்றாக வரும், விரலை நீட்ட வேண்டியிருக்காது.

அவன் பெட்டியில் இடம் இருந்தால் மாமா காட்டுத் தட்டைப்பயறு ஒரு கிலோ வைத்து விடு. அவனிடம் இன்னொன்றும் சொல்லி அனுப்பு: சிக்கன் என்று பேர் போட்டிருந்தாலும் உள்ளே என்ன என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளட்டும்.

அன்புடன்,
தம்பி