ஹிரோஷிமாவில் மாண்ட கொரியர்கள்

ஆசிரியருக்கு,

ஹிரோஷிமா நினைவு நாளையொட்டி ஆகஸ்ட் 6 அன்று வெளியான தலையங்கம் படித்தேன். அணுகுண்டின் கொடுமையை உருக்கமாகச் சொன்ன அது, மாண்டவர்களை ஜப்பானியர் என்று மட்டுமே குறிப்பிட்டது வருத்தம் தந்தது. 1945-இல் அந்நகரில் பல்லாயிரம் கொரியர்களும் இருந்தார்கள். கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. உயிர் தப்பி ஊர் திரும்பியவர்களுக்கோ, ஜப்பானை விட்டுப் போய்விட்டார்கள் என்று காரணம் காட்டி, 2003 வரை ஜப்பான் அரசு உதவித்தொகையை மறுத்தது. இது என்ன நியாயம்?

ஹிரோஷிமா சென்றிருந்தபோது, கல் ஆமையின் முதுகில் நிற்கும் கொரியர் நினைவுத்தூணைப் பார்த்தேன். 1970-இல் எழுப்பிய அதற்கு, 1999-இல்தான் அமைதிப் பூங்காவுக்குள் இடம் கிடைத்தது. உயிர் தப்பி ஊர் திரும்பிய அந்தக் கொரியர்களில் சிலர், முதியவர்களாகத் தென்கொரியாவின் ஹப்சோனில் இன்னும் வாழ்கிறார்கள். அடுத்த ஆகஸ்டில் அவர்களைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள்.

— ஒரு வாசகி, திருச்சி