விலங்கியல் மாணவர்களுக்கு மட்டும் உரிய பாடமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடும் தமிழக அரசின் திட்டத்தை வரவேற்றுத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பற்றி விரிவாகவும் பொறுப்புடனும் எழுதியிருந்த கட்டுரையாளர், அதற்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் பெரும்பாலும் உடலுறவின் வழியே பரவுகிறது என்பதை மட்டும் ஒரே வரியில் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டிலும் பள்ளியிலும் நாம் எல்லோரும் செய்வது இதைத்தான். ஊசியைப் போட்டுவிடுகிறோம், ஏன் இந்த வயதிலேயே போட வேண்டும் என்று பிள்ளை கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறோம். பால்வினைத் தொற்றுகளுள் நம் நாட்டில் தடுப்பூசியால் தடுக்க முடிவது முக்கியமாக எச்.பி.வி.யும் கல்லீரல் அழற்சி பி-யும்தான். சிபிலிஸ் எனப்படும் மேகப்புண், கொனோரியா எனப்படும் மேகவெட்டை, கிளாமிடியா, பிறப்புறுப்பு அக்கி, எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கு நம் பிள்ளைகளிடம் இருக்கக்கூடிய முதல் பாதுகாப்பு, அவர்களுக்குச் சரியாகச் சொல்லித்தரப்பட்ட செய்திதான்.

மேல்நிலை வகுப்புகளில் விலங்கியல் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன்: அந்தச் செய்தி இப்போது போய்ச் சேர வேண்டியவர்களில் மிகச் சிலருக்குத்தான் போய்ச் சேருகிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் எய்ட்ஸ் பற்றிச் சிறிது வருகிறது. மற்ற பால்வினைத் தொற்றுகளைப் பார்க்க வேண்டுமென்றால் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருக்க வேண்டும். அங்கே 'இனப்பெருக்க நலன்' பாடத்தில் அவை வருகின்றன. நீட் தேர்வுக்குப் படிக்கும் மாணவி மேகப்புண்ணின் கிருமியான டிரெப்போனிமா பாலிடம் என்ற பெயரை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் அந்த நோயின் அறிகுறி தனக்கோ தோழிக்கோ தெரிந்தால் எந்த வாசலுக்குப் போவது என்பது அவளுக்கும் தெரியாது. வணிகவியல் பிரிவு மாணவர்களும், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களும், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய் விடுதிகளில் தங்கியிருப்பவர்களும் அந்தப் பெயரைக்கூடக் கேள்விப்படுவதில்லை.

கிருமியின் பெயரை விட்டுவிட்டு எதைச் சொல்லித்தர வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சில செய்திகளைக் குறிப்பிட விரும்புகிறேன். மேகப்புண்ணின் முதல் புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. சிகிச்சை எடுக்காவிட்டாலும் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். புண் ஆறிவிட்டது, நோயும் போய்விட்டது என்று நினைத்து ஓர் இளைஞர் நிம்மதியடையும் அந்த நேரத்தில்தான் கிருமி இரத்தத்தில் பரவுகிறது. பின்னாளில் அது அவருடைய மனைவியின் கருவில் வளரும் குழந்தையைக் கொல்லவோ ஊனப்படுத்தவோ கூடும். இத்தனைக்கும், தொடக்க நிலையில் கண்டுபிடித்தால் பென்சாத்தின் பென்சிலினை ஒரு முறை ஊசியாகச் செலுத்தினாலே குணமாகிவிடுகிற நோய் அது. கிளாமிடியா பெரும்பாலான பெண்களிடம் எந்த அறிகுறியையும் காட்டாமல் கருக்குழாய்களைச் சேதப்படுத்துகிறது. திருமணமாகிச் சில ஆண்டுகள் கழித்துக் குழந்தையில்லை என்று மருத்துவமனைகளுக்கு அலையும்போது பழியும் அந்தப் பெண்ணின் மீதே விழுகிறது. மேகவெட்டைக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் நான்கு மாத்திரை வாங்கி விழுங்குவதால் நோய் முழுதாகத் தீராதது மட்டுமல்ல, மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகுகின்றன. இருவரில் ஒருவர் மட்டும் சிகிச்சை எடுத்தால் தொற்று மற்றவரிடமிருந்து மீண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆணுறை பெரும்பாதுகாப்பு என்பதையும், தோலோடு தோல் உரசிப் பரவும் அக்கிக்கும் எச்.பி.வி.க்கும் அது முழுக் காப்பு ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்ற ஐயம் ஏற்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும் என்பதை ஒழுக்கமாக இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை என்று கருதுபவர்கள், பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாகும் பிள்ளைக்கும் அதே 72 மணி நேரம்தான் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

போய்ச் சேர வேண்டிய இடங்கள் இல்லாமலும் இல்லை. அரசு மருத்துவமனைகளில் பால்வினைத் தொற்றுகளுக்கென்றே சுகவாழ்வு மையங்கள் இருக்கின்றன. அறிகுறிக்கேற்ப நிறம் பிரித்துக் கட்டிய மருந்துப் பொட்டலங்களை அங்கே கட்டணமில்லாமல் தருகிறார்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் நம்பிக்கை மையங்கள் உள்ளன. 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவித் தொலைபேசி எண்ணும் உள்ளது. இவற்றை யாரும் சொல்லாததால் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்பியிருப்பவர்கள், 'வாலிப வயோதிக அன்பர்களே' என்று தொடங்கி, எந்த ஊர் லாட்ஜில் எந்தத் தேதியில் முகாம் என்று விளம்பரம் செய்யும் போலி வைத்தியர்கள். இயல்பான உடல் மாற்றத்தையே நோயென்று சொல்லிப் பணம் பறிப்பதும், உண்மையான நோயோடு வருபவருக்கு லேகியம் கொடுத்துக் காலத்தைப் போக்குவதும் அவர்கள் தொழில். அவர்களுடைய விளம்பரத்தைச் சிரித்துக் கடந்துவிடும் நாம், பள்ளியில் ஒரு செவிலியர் வந்து பேசுவதற்கு மட்டும் தயங்குகிறோம்.

சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் செய்து பார்ப்பார்கள் என்பதே அந்தத் தயக்கத்தின் அடிப்படை. மத்திய அரசு 2005இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது இதே வாதம் எழுந்தது. 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத் உள்ளிட்ட மாநிலங்கள் அதை நிறுத்தின. 2009இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழுவும் பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்றது. ஆனால் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முறையான பாலியல் கல்வி உடலுறவை அதிகப்படுத்துவதில்லை என்றும், அதைத் தள்ளிப்போடவும் பாதுகாப்பைக் கூட்டவும் உதவுகிறது என்றும் கூறுகிறது. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றின் மேல்முறையீட்டில் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும் விரிவான பாலியல் கல்வியின் தேவையை வலியுறுத்தியது. மேலும், கூச்சத்தைக் காரணம் காட்டும் உரிமை தமிழ்நாட்டுக்குக் குறைவு. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டறிந்தது தமிழ்நாட்டில்தான். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994இலேயே அமைந்ததும் இங்கேதான். புள்ளிராஜா என்ற கற்பனை மனிதரை வைத்து, 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊரெங்கும் விளம்பரம் செய்து கேட்ட மாநிலம் இது. அந்தக் கேள்வி சில முகங்களைச் சுளிக்க வைத்தது உண்மை. பேருந்து நிறுத்தத்தில் பேச வைத்ததும் உண்மை.

ஆகவே இப்பாடம் பிரிவுகள் பிரிவதற்கு முன்னால், ஒன்பதாம் வகுப்பிலேயே, ஆண் பெண் இருபாலருக்கும் நடத்தப்பட வேண்டும். உலக எய்ட்ஸ் நாளான டிசம்பர் முதல் தேதி நடத்தும் ஊர்வலமும் பேச்சுப்போட்டியும் இதற்கு ஈடாகா. கல்லூரிகளில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கங்கள் இருக்கின்றன. ஆனால் கல்லூரிக்குப் போகாதவர்களுக்கு அவற்றால் பயனில்லை. எல்லா ஆசிரியர்களாலும் இதைக் கூச்சமின்றி நடத்த முடியாது என்பதால், நம்பிக்கை மைய ஆலோசகரையோ செவிலியரையோ ஆண்டுக்குச் சில முறை அழைத்து, பெயர் எழுதாத கேள்விகளைப் பெட்டியில் போடச் செய்து பதில் சொல்ல வைக்கலாம். பாடத்தை முன்கூட்டியே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோருக்கும் காட்டிவிட்டால் வதந்திகளுக்கு இடமிருக்காது.

இதில் ஒரு சிக்கலையும் மறைக்கக் கூடாது. 18 வயது நிறையாதவர் உடலுறவு கொண்டது தெரியவந்தால் மருத்துவர் அதைக் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் அந்த வயதினர் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதலோடு வர வேண்டியிருக்கிறது. இந்த அச்சத்தாலேயே பிள்ளைகள் மருத்துவமனையைத் தவிர்க்கும் நிலையை அரசு மருத்துவர்களோடும் சட்ட வல்லுநர்களோடும் பேசித் தீர்க்க வேண்டும். அதுவரை சட்டம் என்ன சொல்கிறது என்பதையாவது வகுப்பில் நேராகச் சொல்லிவிட வேண்டும்.

பள்ளிக் கல்வித் துறை உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. குழந்தைகள் உதவி எண் 1098 பள்ளிச் சுவர்களில் எழுதப்பட்டிருப்பதைப்போல, ஒன்பதாம் வகுப்பு முதல் எல்லாப் பிரிவுப் பாடநூல்களிலும் 1097 என்ற எண்ணையும், சுகவாழ்வு மையமும் நம்பிக்கை மையமும் அரசு மருத்துவமனையில் உள்ளன என்ற செய்தியையும், சிகிச்சை இலவசம், விவரங்கள் வெளியே சொல்லப்பட மாட்டா என்ற இரண்டு வரிகளையும் அடுத்த பதிப்பிலேயே அச்சிட வேண்டும் என்று தங்கள் இதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
கும்பகோணம்.