கிளீனர் காம்போவில் வந்த மீன்கள் குறித்த புகார்

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்
அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், அல்சூர், பெங்களூரு

வணக்கம்.

உங்கள் ஆப்பில் தமிழும் இருப்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதிய மெயில்களுக்கெல்லாம் ஒரே தானியங்கிப் பதில்தான் வருகிறது.

தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்கள் என்று நீங்கள் சேர்த்து விற்கும் கிளீனர் காம்போ பற்றித்தான். நான் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். என் இரண்டடித் தொட்டியில் ஏஞ்சல் மீன்கள் மேலாகவே தின்றுவிட்டுப் போய்விடுகின்றன. அடியில் தங்கும் தீனி அழுகித் தண்ணீர் கெடுகிறது. அதைப் பொறுக்கித் தின்ன, அடியில் மேயும் சிறிய மீன் வேண்டும். தொட்டி அளவு, ஏஞ்சல் இருப்பது எல்லாம் உங்கள் சாட்டில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். "காம்போ போடுங்க சார், தொட்டியைக் கழுவவே வேணாம்" என்றார்கள். வந்தது ஒரு சக்கர் மீன், பாசி தின்னும் மீன் என்று விற்கப்படும் சைனீஸ் ஆல்கி ஈட்டர் இரண்டு.

சக்கர் ஓர் அடிக்கு மேல் வளரும். என் தொட்டியில் அது திரும்பவே இடம் போதாது, கழிவும் அதிகம். ஆல்கி ஈட்டர் அதைவிட மோசம். குட்டியில் பாசி தின்னும்; வளர்ந்ததும் ஏஞ்சல் மாதிரித் தட்டையான மீன்களின் மேல் ஒட்டிக்கொண்டு வழவழப்பைச் சுரண்டும். நீங்கள் அனுப்பியவை வளர்ந்தவை. என் பெரிய ஏஞ்சல் போய்விட்டது. வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் மீன் விற்கும் பெரியவர் போட்டோவைப் பார்த்ததுமே, "இதையா ஏஞ்சலோட போட்டாங்க? கோரி ஆறு விடணும். அடியில கூர் ஜல்லி கூடாது, மீசை தேஞ்சிடும், மணல் போடுங்க" என்றார். கோரி என்பது அடியில் மேயும், மீசையுள்ள சின்னக் கெளுத்தி வகை. கோரிக்கும் மூழ்கும் தீனி தனியாகப் போட வேண்டும், எந்த மீனும் கழிவைத் தின்னாது, தண்ணீர் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றும் சொன்னார். வண்ண மீன்களுக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூர் மீன்கள் என்று பெருமையாகப் போட்டு விற்கும் உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

தயவுசெய்து என்னிடம் பேசிய கஸ்டமர் கேர் தம்பியின் போன் பதிவைக் கேளுங்கள். சக்கரைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, "பிடிக்கலைன்னா ஏரியில விட்டுடுங்க சார், அல்சூர் ஏரி பக்கத்துலதானே" என்கிறார்! வெளிநாட்டு மீன். நம் ஏரி, குளங்களில் இதை விட்டுவிட்டுத்தான் இன்று மீனவர் வலைகளில் இதுவே ஏறுகிறது. மீன் விற்கும் கம்பெனி இப்படியா சொல்லிக்கொடுக்கும்? நான் சத்தம் போட்டதும், "மீன்னா சாகத்தான் சார் செய்யும்" என்று வைத்துவிட்டார்.

அதற்கு முன்பே பீன்யா கிடங்குக்கு, ஆல்கி ஈட்டர்களைத் தண்ணீர்ப் பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். வரச் சொன்னதே நீங்கள்தான். வாசலில் செக்யூரிட்டி, உயிருள்ளவை ஒயிட்ஃபீல்டில்தான் என்றார். ஒயிட்ஃபீல்டு என் வீட்டைத் தாண்டி நேர் எதிர்த்திசை! ஆட்டோக் காசில் கோரிகளையே வாங்கியிருக்கலாம்.

காம்போ பணம், ஏஞ்சல் விலை, ஆட்டோச் செலவு, மன உளைச்சலுக்கு 25,000 ரூபாய் கேட்கிறேன். அந்த ஏஞ்சலுக்கு இது குறைவுதான். நல்லபடியாக முடித்தால் உங்களுக்கு ஐந்து ஸ்டாரே கொடுக்கிறேன். இல்லையென்றால், 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்தில் நீங்கள் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசுவேன், நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம்கூடக் கிடையாது.

சக்கரை எடுத்துப்போக ஆள் அனுப்புங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வரட்டும், வலையும் வாளியும் அவரே கொண்டுவரட்டும். அந்தத் தம்பி மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்த வாடிக்கையாளர்