'சி' என்ற ஒற்றை எழுத்தில் அடங்காத வைரஸ்: தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்புக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எச்.ஐ.வி. ஆய்வகத்தில் பல ஆண்டுகள் மரபணு வரிசை படித்தவள் நான். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வைரல் லோடு பரிசோதனை முடிந்தபின் மிஞ்சுகிற பிளாஸ்மாவில் (இரத்தத்தின் நீர்ப்பகுதியில்) சிறு பங்கையாவது எடுத்து, அதிலுள்ள வைரஸின் மரபணுவைத் தலை முதல் கால் வரை படிக்க ஏற்பாடு செய்யுங்கள். எல்லா மாநிலங்களிலிருந்தும், ஆண்டுதோறும்.

மரபணு வேறுபாட்டை வைத்து எச்.ஐ.வி.யை ஏ, பி, சி என்று உட்பிரிவுகளாக வகுக்கிறோம். "இந்தியாவில் இருப்பது சி வகைதானே, புதிதாகப் படிக்க என்ன இருக்கிறது?" என்ற கேள்வியைப் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் சி வகைதான், மறுக்கவில்லை. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். பிற்காலத்தில் பல மாநிலங்களின் மாதிரிகளைப் படித்தபோது பத்தில் ஒன்பதுக்கு மேல் சி வகையாகவே இருந்தன. ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலிருந்து வந்த ஒரு கிளை இங்கே வேரூன்றிப் பரவியிருக்கிறது என்பதே அவற்றின் மரபணு சொல்லும் கதை.

ஆனால் அந்த 'சி' என்ற முத்திரையை எப்படிக் குத்துகிறோம் என்பதைப் பாருங்கள். இந்த வைரஸின் முழு மரபணுத் தொகுப்பில் ஏறத்தாழ 9,700 எழுத்துகள் உள்ளன. மருந்துக்கு எதிர்ப்பு வந்திருக்கிறதா என்று பார்க்க, மருந்துகள் தாக்குகிற 'போல்' மரபணுவின் ஒரு பகுதியை மட்டும் படிக்கிறோம். அது சி என்றால் வைரஸும் சி என்று எழுதிவிடுகிறோம். மீதிப் பகுதியை யாரும் புரட்டுவதே இல்லை.

ஒரு முறை வடகிழக்கிலிருந்து வந்த மாதிரியில் போல் பகுதியைப் படித்தேன், அப்பழுக்கற்ற சி. கையில் கொஞ்சம் வேதிப்பொருள் மிச்சமிருந்ததால் வைரஸின் உறைப் புரதத்துக்கான மரபணுவையும் படித்துப் பார்த்தேன். அது பி வகை. குழாய் மாறிவிட்டது, அல்லது பக்கத்து மாதிரியிலிருந்து கலந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். உறைபெட்டியிலிருந்து வேறொரு குழாயை எடுத்து, கையுறை மாற்றி, மேசை துடைத்து, முதலிலிருந்து செய்தேன். மறுபடியும் அதே விடை. முந்தைய நாள் பதிவேட்டில் 'சி' என்று நானே எழுதி வைத்திருந்த வரி கண்முன் இருந்தது. அதுவரை அப்படி எழுதிய எத்தனை வரிகள் தவறாக இருந்திருக்கும் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.

இது மாயம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வைரஸ் துகளுக்குள்ளும் மரபணுவின் இரண்டு நகல்கள் இருக்கின்றன. அவற்றைப் படியெடுக்கும் நொதி, ஒரு நகலைப் படித்து எழுதிக்கொண்டே போய், பாதியில் மற்ற நகலுக்குத் தாவுகிறது. ஒருவர் உடலின் ஒரே செல்லில் பி, சி இரண்டும் நுழைந்திருந்தால், அங்கிருந்து வெளிவருவது இரண்டும் கலந்த மூன்றாவது வைரஸாக இருக்கலாம்.

அதற்கான களம் நம் நாட்டிலேயே இருக்கிறது. மணிப்பூரின் மோரே வழியாக மியான்மர் எல்லையைத் தாண்டினால் ஹெராயின் கடத்தப்படும் பாதைகள். ஊசியைப் பகிர்ந்துகொள்வோரிடையே 1990 வாக்கில் அங்கே தொற்று வேகமாகப் பரவியது. கிழக்கே இருந்து தாய்லாந்தின் பி வகை, மேற்கே இருந்து நம் சி வகை, இரண்டும் அங்கே சந்தித்தன. எல்லைக்கு அப்பால், சீனாவின் யுன்னான் மாநிலத்தில், இந்திய வழி சி வகையும் தாய்லாந்து வழி பி வகையும் கலந்து பிறந்த இரண்டு கலப்பு வைரஸ்களுக்கு 07, 08 என்று எண்ணிட்டிருக்கிறார்கள். அவை அங்கிருந்து ஷின்ஜியாங்குக்கும் குவாங்ஷிக்கும் போய்ச் சேர்ந்தன. மணிப்பூரிலும் பி–சி கலப்புகள் பதிவாகியிருக்கின்றன. ஆய்வு நடந்த ஆண்டுகளில் மட்டுமே அவை கண்ணில் படுகின்றன. ஆய்வு முடிந்ததும் மறுபடி எல்லாம் 'சி' ஆகிவிடுகிறது.

சி வகைக்குள்ளேயே நடப்பதும் கவனிக்கத்தக்கது. வைரஸைத் தூண்டிவிடும் முனைப்பகுதியில் நமது செல்லின் ஒரு புரதம் வந்து அமரும் இருக்கைகள் உண்டு. பி வகையில் பொதுவாக இரண்டு, சி வகையில் மூன்று. நான்கு இருக்கை கொண்ட சி வைரஸ்கள் இந்தியாவில் கூடி வருவதை பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் 2012இல் எழுதினார்கள். அந்த முனைப்பகுதி போல் மரபணுவில் இல்லை. நம் வழக்கமான பரிசோதனைக்கு அது தெரியவே தெரியாது.

உங்கள் தரப்பில் ஒரு நியாயமான பதில் இருக்கும்: டோலுடெகிராவிர் என்ற மருந்து சேர்ந்த இன்றைய கூட்டு மாத்திரை எல்லா உட்பிரிவுகளையும் அடக்குகிறதே, பிறகு எதற்கு இந்தச் செலவு? உண்மைதான். அந்த மாத்திரை எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது, அதை நாடெங்கும் கொண்டுசேர்த்த உங்கள் பணியை நன்றியுடன் நினைக்கிறேன். ஆனால் மாத்திரையோடு சிகிச்சை நின்றுவிடப் போவதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போடும் கபோடெகிராவிர்–ரில்பிவிரின் ஊசி பலனளிக்காமல் போனவர்களை ஆராய்ந்தபோது, ரஷ்யாவில் பரவலாக உள்ள ஏ6 என்ற உட்பிரிவும் அதற்கு ஒரு காரணியாகத் தெரிந்தது. நீண்டநாள் ஊசிகள் நம் நாட்டுக்குப் பரவலாக வரும் நாளில், எந்த மாநிலத்தில் எந்த வைரஸ் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை கையில் இருக்க வேண்டாமா?

நெதர்லாந்தில் நடந்ததையும் பாருங்கள். நோய் எதிர்ப்புக்கு அடிப்படையான சிடி4 செல்களை ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் குறைக்கும் ஒரு பி வகை வைரஸை 109 பேரிடம் கண்டறிந்ததாக 2022இல் அறிவித்தார்கள். அது 1990களிலிருந்தே அங்கே சுற்றிக்கொண்டிருந்தது. வரிசைகளைப் படித்துச் சேர்த்து வைத்திருந்ததால்தான் அவர்களால் பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடிந்தது. அதைப்போல ஒன்று இங்கே இருந்தால், எந்தக் கோப்பைத் திறந்து தேடுவோம்?

இந்த வேண்டுகோளோடு ஓர் அச்சத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவளாவேன். மரபணு வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், யாருடைய வைரஸ் யாருடையதை ஒத்திருக்கிறது என்று தெரியும். "யாரிடமிருந்து யாருக்கு" என்று அதைத் திரித்துப் படிக்க ஆசைப்படுவோர் இருப்பார்கள். ஒத்திருக்கும் இரண்டு வைரஸ்களுக்கு நடுவே நாம் காணாத மூன்றாவது நபர் இருக்கலாம், நான்காவது நபரும் இருக்கலாம். ஊசியில் போதை மருந்து எடுப்பவரைச் சட்டம் ஏற்கெனவே குற்றவாளியாகப் பார்க்கிறது. அவர் தந்த இரத்தமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடக் கூடாது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் தனிநபர் தகவலுக்குப் பாதுகாப்புத் தருகிறது. அந்தப் பாதுகாப்பு வைரஸின் மரபணு வரிசைக்கும் உண்டு, காவல்துறை கேட்டாலும் கணவர் கேட்டாலும் கொடுக்கப்படாது என்று தனி விதியாகவே எழுதுங்கள். மாதிரி ஆய்வகத்தை அடையும் முன்பே பெயரும் ஊரும் நீங்கி, மாநிலமும் ஆண்டும் மட்டும் மிஞ்சட்டும். விதியை எழுதும் குழுவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் பார்வையாளர்களாக அல்ல, முடிவெடுப்பவர்களாக அமரட்டும்.

புதிய கட்டடமோ புதிய இரத்த மாதிரியோ நான் கேட்கவில்லை. மாத்திரை சாப்பிட்டும் வைரஸ் அடங்காதவர்களின் பிளாஸ்மா ஏற்கெனவே உறைபெட்டிகளில் இருக்கிறது. அவர்கள் சம்மதம் தந்தால், வடகிழக்குக்குக் கூடுதல் பங்கு ஒதுக்கி, அங்கிருந்தே தொடங்கலாம். உறைபெட்டியில் இடம் போதாதபோது பழைய குழாய்களை, அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டு அழிக்கிறோம். நானே கூடை கூடையாக அழித்திருக்கிறேன். அடுத்த கூடை போவதற்குள் உங்கள் ஆணை வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
மரபணு வரிசை படித்த ஓர் ஆய்வகப் பணியாளர்